மாமா கை நனைத்த ஊர்

காரைக்கால் அழகான ஊர்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்கு வாய் வராது. நேரான தெருக்கள், தெருவுக்குத் தெரு நிழல், அண்ணாந்து பார்க்க வைக்கிற பழைய மரக்கதவுகள், ஆறு போய்க் கடலில் சேருகிற இடத்தில் ஒரு கடற்கரை. பாண்டிச்சேரி அலுத்துப்போனவர்கள் இப்போது அங்கே போக ஆரம்பித்திருக்கிறார்கள். கடைக்கு வருகிற பெண்கள் போனில் படம் காட்டி, கூட்டமே இல்லாத ஊராமே, நீங்கள் போயிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வருகிறது.

எனக்கு விழுப்புரத்தில் ரவிக்கை தைக்கிற கடை. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்துவிடலாம். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து எனக்கு இந்த ஊர்தான். அம்மாவும் தங்கச்சியும் திண்டிவனத்தில் இருக்கிறார்கள். நிலம் கூட்டேரிப்பட்டுப் பக்கம். அப்பா போன பிறகு குத்தகைக்கு விட்டுவிட்டோம். அப்பா இல்லாத வீட்டில் ஆளாளுக்கு நாட்டாமை. அதில் பெரிய நாட்டாமை என் தாய்மாமா, அம்மாவுக்கு நேர் இளையவர். மாமாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அப்பா படுத்த படுக்கையானபோது முதலில் ஓடிவந்தவர் அவர்தான். ஆனால் ஓடிவந்தவர் அப்புறம் திரும்பிப் போகவேயில்லை. எங்கள் வீட்டுக்கு என்ன கலர் பெயிண்ட் என்பதுவரை அவர்தான் சொல்வார்.

தங்கச்சி திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சர். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் சொந்தக்காரர்களுக்கு அது ஒரு சீக்கு மாதிரி. காதுகுத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும், இன்னும் ஒன்றும் அமையவில்லையா என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு விசாரிப்பார்கள். விசாரித்துவிட்டுப் பாயசம் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடிப்பார்கள்.

ஒரு நாள் மாமா ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். காரைக்காலில் ஒரு இடமாம். நம்ம ஆட்கள்தானாம். பையன் பிரான்சில் வேலையாம். என்ன வேலை என்று கேட்டேன். பிரான்சில் வேலை என்றார் மறுபடியும், அதுவே ஒரு வேலை என்பதுபோல. பையனுக்குப் பேப்பர் இருக்கிறது என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அத்தை, அதாவது மாமாவின் சம்சாரம், கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

பேப்பர் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பாண்டிச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தவை. அவன் போகும்போது, அவன் நாட்டுக் குடிமகனாகவே இருந்துகொள்கிறேன் என்றவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் பட்டாளத்தில் இருந்த குடும்பங்கள் அதில் நிறைய. பிள்ளை, பேரன் என்று அது இன்னும் தொடர்கிறது. அதைத்தான் எங்கள் பக்கம் பேப்பர் என்பார்கள். பேப்பர் இருக்கிற மாப்பிள்ளைக்கு முகம், குணம், வயசு எதுவும் பார்க்க வேண்டாம். கட்டிக்கொண்டால் பெண் பாரிஸ். பெண்ணைச் சாக்கு வைத்துப் பின்னாலேயே நாலு பேர் பாரிஸ். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அவன் விட்டுப்போன காகிதத்துக்கு எங்கள் சனங்கள் இன்னும் எச்சில் ஊற நிற்கிறார்கள். தூ என்றிருக்கும் எனக்கு.

தங்கச்சி முடியாது என்று சொல்லவில்லை. வெளிநாட்டில் மேலே படிக்கலாம் என்று அவளுக்கும் ஒரு ஆசை இருந்தது. பையனோடு போனில் பேசியிருந்தாள். நன்றாகத்தான் பேசுகிறார், ஆனால் எந்தக் கேள்விக்கும் முழுசாகப் பதில் வருவதில்லை என்றாள். வீடு பார்க்கப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் திண்டிவனம் போய்விட்டேன். மாடியில் துணி எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீ பாத்துட்டு வாக்கா. அம்மாவுக்குக் கேக்கத் தெரியாது, மாமா கேக்க மாட்டாரு. அவரு அங்க தனியாத்தான் இருக்காரான்னு மட்டும் தெரிஞ்சிக்கினு வா. சரியாப் படலைன்னா கை நனைக்காம வந்துடுங்க.”

கை நனைப்பது என்பதையும் சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம், பழம் தின்னலாம். அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. இலை போட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் முடிந்தது. எங்களுக்குச் சம்மதம் என்று ஊருக்கே சொன்ன மாதிரி. அதிலும் தாய்மாமன் கை நனைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டதைக்கூட எங்கள் பக்கம் கிழித்துப் போட்டுவிடுவார்கள், தின்ற சோற்றை மாற்ற மாட்டார்கள். அதனால், போய்ப் பார்ப்பது, காபியோடு எழுந்து வருவது, வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்வது என்று அம்மா, மாமா, நான் எல்லாரும் பேசி முடிவு செய்திருந்தோம். மாமாதான் அதை அழுத்திச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் கிளம்பியது. மாமா, அத்தை, அப்பாவின் அண்ணனான பெரியப்பா, அம்மா, நான், என் வீட்டுக்காரர், வேனில் இடம் இருக்கிறதே என்று ஏறிக்கொண்ட பங்காளிகள் சிலர். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. மாமாவுக்கு ஒரே மகள், அப்போதுதான் பி.காம் முடித்திருந்தவள், அவளைத் தங்கச்சிக்குத் துணையாக வீட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

கிளியனூர் தாண்டுகிறவரைக்கும் எல்லாரும் மனிதர்களாகத்தான் இருந்தார்கள். பாண்டிச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும் வேனை ஓரம் கட்டச் சொன்னார்கள். எதிரில் ஒரு பிராந்திக் கடை, ஷட்டர் இன்னும் தூக்கவில்லை. தூக்குகிறவரைக்கும் ஆண்கள் அத்தனை பேரும் இறங்கி அந்த ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், கோயில் நடை திறக்கக் காத்திருக்கிற பயபக்தியோடு. நல்ல நேரம் போகிறதே என்று அம்மா ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் கேட்கிறார்கள். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். என் பக்கம் திரும்பாமலே, இதோ வர்றேன் என்று கையை ஆட்டினார்.

வாங்கியதை அங்கேயே குடித்துத் தொலைத்திருந்தாலும் பரவாயில்லை. வழியில் வேண்டுமே. பாண்டிச்சேரிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. கடலூர் எல்லையில் செக்போஸ்ட் இருக்கிறது. மாமாவுக்கு மூளை வேலை செய்தது. மாப்பிள்ளை வீட்டுக்கென்று அம்மா பார்த்துப் பார்த்து அடுக்கிய தட்டு இருந்தது. ஆப்பிள், மாதுளை, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், மல்லிகைப் பந்து. பழத்தையெல்லாம் எடுத்துவிட்டு, அடியில் பாட்டில்களைப் படுக்க வைத்து, மேலே பழத்தை அடுக்கி, பூவைச் சுற்றி, அம்மா மடியிலேயே வைத்தார். போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். மஞ்சளையும் பூவையும் பார்த்ததும் முகம் மலர்ந்து, நல்ல காரியமா, போய்ட்டு வாங்க என்று அனுப்பிவிட்டார். வேன் முழுக்கச் சிரிப்பு. அம்மா மட்டும் தட்டைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிற தாயை இப்படியா உட்கார வைப்பது?

சிதம்பரம் தாண்டும்போதே வேன் நாறியது. பிராந்தி வாடை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வறுத்த வேர்க்கடலை, பெரியப்பாவின் ஏப்பம். தரங்கம்பாடியில் கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிறுத்தினார்கள். அங்கே வேறொரு வெள்ளைக்காரன் கட்டிய பழைய கோட்டை, மஞ்சள் சுவரோடு கடலுக்கு முன்னால் நிற்கிறது. காற்று அப்படி வீசியது. ஒரு நிமிஷம் எனக்கே மனசு லேசானது. திரும்பிப் பார்த்தால், எங்கள் ஆண்கள் வரிசையாக ஒரு பழைய சுவரைப் பார்த்து நின்று மூத்திரம் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் அத்தை அதே சுவரைப் பின்னால் வைத்து செல்பி எடுத்துக்கொண்டிருக்கிறாள். பெரியப்பா கற்படியில் வாந்தி எடுத்தார். என் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றிக் கழுவப் போய்ச் செருப்பு வழுக்கி அதிலேயே கை ஊன்றினார். அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நான் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டேன்.

காரைக்காலுக்குள் நுழையும்போது வேனுக்குள் பேச்சு அடங்கிவிட்டது. ஊர் அப்படி. கூச்சல் இல்லை, ஹார்ன் இல்லை. சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் மரத்தடியில் சும்மா நின்றிருந்தார். பாதி பாரிஸ்தான் இது என்று மாமா மெதுவாகச் சொன்னார், உரக்கச் சொன்னால் ஊர் எழுந்துகொள்ளுமோ என்று பயந்தவர் மாதிரி. பையன் வீடு இருந்த தெருவில் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. வேன் வந்து நின்று இத்தனை பேர் இறங்குகிறோம், ஒரு தலை எட்டிப் பார்க்கவில்லை. திண்டிவனத்தில் புது ஆள் ஒருவர் தெருவில் நடந்தாலே எந்த வீடு என்று விசாரித்து வழி சொல்லிவிடுவார்கள். இது என்ன அமைதி என்று எனக்கு அப்போதே உறுத்தியது. பெண் கொடுக்கலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால் கேட்க ஆள் இல்லை.

பெரிய வீடு. உயரமான கூரை, வழவழப்பான தரை. பையனின் அம்மா பட்டுச் சேலை கட்டி, வாங்க வாங்க என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். லீவில் வந்திருந்த பையன் வந்து கும்பிட்டான். ஆள் லட்சணம்தான். உட்கார்ந்ததும் போனை எடுத்துத் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டான். அது அதிரும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போனான். அங்கே யாரோடு தங்கியிருக்கிறீர்கள் என்று நான் நேரடியாகவே கேட்டேன். பிரெண்ட்ஸோடு என்றான். எத்தனை பேர் என்றேன். மாமா தொண்டையைக் கனைத்து, பிரான்ஸ் குளிரைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

பிறகு பெரியவரிடம் ஆசீர்வாதம் வாங்க வேண்டும் என்று உள் அறைக்கு அழைத்துப் போனார்கள். பையனின் அப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராம். சுவரில் சீருடை போட்ட படம், கண்ணாடிச் சட்டத்துக்குள் மெடல்கள். கட்டிலில் அவர் கிடந்தார். கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை. டெட்டாலும் மூத்திரமும் பவுடரும் கலந்து ஒரு வாடை. படுத்தவர் வீட்டில் வாடை வரத்தான் செய்யும், எங்கள் அப்பாவுக்கும் இருந்தது, அதில் எனக்கு முகச்சுளிப்பு இல்லை. ஆனால் படுக்கைப்புண் ஒன்றுகூட இல்லாமல் அவரை யாரோ அப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது தெரிந்தது. பையனின் அம்மாவின் கையைப் பார்த்தால் அது அவர் இல்லை.

கூடத்துக்குத் திரும்பியதும் பையனின் அம்மா என் அம்மாவிடம் பெண்ணைப் பற்றி விசாரித்தார். படிப்பு, சம்பளம் எதையும் கேட்கவில்லை. உடம்பு தெம்பாக இருப்பாளா, முடியாதவர்களைப் பார்த்துப் பழக்கம் உண்டா என்று கேட்டார். அம்மா வெகுளி. அப்பா கிடந்த காலமெல்லாம் தங்கச்சிதான் தூக்கி எடுத்துக் குளிப்பாட்டியது, ஒருநாள் முகம் சுளித்ததில்லை என்று பெருமையாகச் சொன்னாள். அந்த அம்மாளின் முகத்தில் வெளிச்சம் வந்ததே, அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எங்கேயோ இடித்தது.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்கட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் குத்துக்காலிட்டு அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். வேலைக்காரி என்றுதான் நினைத்தேன். கழுத்தில் தாலிக்கொடியைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. அது கனமான கொடி. குழாய் எங்கே என்று கேட்டேன். என் பேச்சைக் கேட்டதும் அரிவதை நிறுத்திவிட்டாள். எந்த ஊர் நீங்கள் என்றாள். திண்டிவனம் என்றேன். அவள் அனந்தபுரமாம். எங்கள் பக்கத்துப் பெண்.

“மல்லாட்டை புடுங்கிட்டாங்களாக்கா அங்க?”

அவள் கேட்ட முதல் கேள்வி அது. பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். மழை எப்படி, விலை எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பொறுக்க முடியாமல் நீ இந்த வீட்டுக்கு யார் என்று கேட்டேன். பெரிய மருமகள் என்றாள். கல்யாண மாப்பிள்ளைக்கு அண்ணன் ஒருவன் இருப்பதையே மாமா எங்களிடம் சொல்லவில்லை. அவனும் பிரான்சிலாம். நீ ஏன் போகவில்லை என்றேன். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து பேப்பர் வருது வருது என்றுதான் சொல்கிறார்களாம். அனந்தபுரத்துக்கும் போகவில்லை, அவளுக்குப் பேப்பர் வந்தால் பின்னாலேயே தன் மகனும் போகலாம் என்று அவளுடைய அப்பாவே பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் மீனின் செதிலைப் பார்த்தபடியே சொன்னாள். பிறகு வீட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு அங்க ஒரு குடும்பம் இருக்குதுங்க்கா. கொழந்தைகூட இருக்குது. இந்தத் தம்பிக்கும் அங்க ஒருத்தி இருக்குறா. பெரியவரைத் தூக்கிப் பொரட்டிப் பாக்க என்னால ஒண்டியா முடியலைன்னு நான்தான் அழுதேன். அதுக்குத்தான் ஜல்தியா பொண்ணு தேடறாங்க.”

என் உடம்பு எரிந்தது. உள்ளூரில் ஒருவரும் பெண் கொடுக்காததால்தான் இத்தனை தூரம் எங்களைத் தேடி வந்திருக்கிறார்கள். தெருவே கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருக்கிறது. அதற்குத்தான் அமைதி என்று பேர். அவளை எழுந்திரு, வேனில் ஏறு, அனந்தபுரத்தில் விடுகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். பெரியவருக்குக் கஞ்சி கொடுக்கிற நேரம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

நான் கூடத்துக்கு ஓடிவந்தேன். ஓடித்தான் வந்தேன். வந்து பார்த்தால் இலை போட்டாகிவிட்டது. ஆண்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பசியோடு அனுப்புவதா, சும்மா ஒரு வாய் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து ஊற்றியதில் மாமாவுக்குப் பேசி வைத்தது எதுவும் நினைவில் இல்லை. பிரியாணி வாசனைதான் நினைவில் இருந்தது. இலை நடுவில் மலை மாதிரி சோறு. முழங்கைவரை நெய் வழிய ஒரு நல்லி எலும்பை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் வீட்டுக்காரரும் பக்கத்தில் தயிர்ப்பச்சடி கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா தூணோரம் நின்று, தடுக்கவும் தெரியாமல், முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே ஐயோ என்றாள்.

அடுத்து பெண்களைக் கூப்பிட்டார்கள். அத்தை போய் உட்கார்ந்தாள். மயிலம் முருகனுக்கு வேண்டுதல், நானும் அம்மாவும் இன்றைக்கு வெளியில் சாப்பிட மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். அதனால் என்ன, தாய்மாமன் சாப்பிட்டாயிற்றே என்று சிரித்தார். அத்தனை இனிப்பாக ஒருவர் சிரித்து அத்தனை அருவருப்பு எனக்கு வந்ததில்லை.

திரும்பும் வழியில் வேனிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். பின்கட்டுப் பெண் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா அழுதாள். மற்றவர்களிடம் ஒரு அதிர்ச்சி இல்லை. அண்ணன் செய்ததற்குத் தம்பி என்ன செய்வான் என்றார் பெரியப்பா. ஆம்பிளை வெளிநாட்டில் இருந்தால் முன்னே பின்னே இருக்கும், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றாள் அத்தை, பல் குத்திக்கொண்டே. மீன் அரிகிறவள் வயிற்றெரிச்சலில் சொல்கிறாள் என்றார்கள் பங்காளிகள். என் வீட்டுக்காரர், பேசாம வா, வண்டில எதுக்குப் பேஜாரு என்றார். மாமா கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

“கை நனைச்சாச்சு. இனிமே பேச்சு மாத்துனா என் மூஞ்சி இன்னாவறது?”

அவருக்கு அந்த வீட்டுச் சங்கதி முன்பே தெரியாதா, இல்லை தெரிந்தேதான் பந்தியில் உட்கார்ந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். தன் அக்காள் மகளின் வாழ்க்கையை ஒரு நல்லி எலும்புக்குக் கொடுத்துவிட்டு, தன் மூஞ்சியைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

திண்டிவனம் வந்து சேரும்போது தெருவிளக்கு போட்டிருந்தார்கள். தங்கச்சி வாசலில் நின்றிருந்தாள், பின்னால் மாமா மகள். மாமா முந்திக்கொண்டு, எல்லாம் நல்லபடியா முடிந்தது என்றார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், நடுக்கூடத்தில் நின்று, அனந்தபுரத்துப் பெண்ணிலிருந்து நல்லி எலும்புவரை சொன்னேன். தங்கச்சி குறுக்கே பேசாமல் கேட்டாள், வகுப்பில் பையன்கள் ஒப்பிப்பதைக் கேட்கிற மாதிரி. மாமா கை நனைத்த பேச்சை மறுபடி எடுத்தார். வார்த்தை கொடுத்தாயிற்று, குடும்ப மானம், தாய்மாமன் என்ற மரியாதை என்று அடுக்கினார். அவர் முடிக்கிறவரைக்கும் பொறுத்திருந்துவிட்டுத் தங்கச்சி சொன்னாள்.

“கை நனைச்சது நீங்க. வேணும்னா நீங்களே போய் அந்த வீட்டுல வாழுங்க மாமா.”

மாமா மகள் சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா மகளைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. வாடி என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. தங்கச்சி தப்பித்தாள் என்கிற நிம்மதியில், அம்மா காலையில் வடித்து வைத்த சோற்றில் தண்ணீர் ஊற்றி, ஊறுகாய் தொட்டு, நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

அதன்பிறகு மாமாவுக்கும் எங்களுக்கும் பேச்சில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று இருந்தேன். தை பிறந்ததும் பத்திரிகை வந்தது. பெண், மாமா மகள். மாப்பிள்ளை, அதே காரைக்கால் வீட்டுப் பையன். கை நனைத்த வீட்டுக்கு வார்த்தை தவறாமல் தன் மகளையே கொடுக்கிறார் என்று சொந்தத்தில் அவருக்கு ஒரே புகழ்ச்சி. மனுஷன்னா இவர் மனுஷன் என்றாராம் பெரியப்பா. நான் போனேன். மாமா வீட்டு வாசலில் நின்று, அந்தப் பின்கட்டை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன் என்று கத்தினேன். உன் தங்கச்சிக்குக் கொடுத்து வைக்கவில்லை, என் மகளுக்குக் கிடைப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லையா என்றார். அத்தை கதவைச் சாத்தினாள்.

கதவைச் சாத்தியவள் பத்து நாள் கழித்து என் கடைக்கு வந்தாள், மகளையும் கூட்டிக்கொண்டு. பழையதை மனதில் வைக்காதே, முகூர்த்த ரவிக்கை நீ தைத்தால்தான் நன்றாக இருக்கும் என்றாள். வெட்கம் என்பது கொஞ்சமாவது இருக்கிறதா இந்தச் சனங்களுக்கு என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பெண் மெஷின் பக்கத்தில் தலைகுனிந்து நின்றிருந்தாள். முதுகு இறக்கமாக, பின்பக்கம் ஹூக், குஞ்சம் தொங்க வேண்டும் என்று போனில் ஒரு மாடலைக் காட்டிவிட்டு, லைனிங் துணி எடுத்துவருகிறேன் என்று அத்தை கிளம்பினாள்.

அவள் படி இறங்கியதும் நான் டேப்பைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டாயே, உனக்கு மூளை இல்லையா, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவளுக்கு நான் முறைக்கு அண்ணி.

“சொன்னேன் அண்ணி. நீயும் மூஞ்சில அடிச்சீன்னா நான் மருந்தைக் குடிச்சிடுவேன்னாரு அப்பா.”

டேப்பை மறுபடி எடுத்தேன். கையைத் தூக்கச் சொல்லி அளவு எடுத்தேன். மெலிந்திருந்தாள். வேறு எதுவும் செய்ய முடியாத ஆத்திரத்தில் அந்த மாடலைத்தான் திட்டினேன். இந்தப் பின்பக்க ஹூக்கெல்லாம் வேண்டாம்மா, ஒவ்வொரு தடவையும் மாட்டிவிட ஒரு ஆள் வேண்டும், முன்பக்கமே வைத்துவிடுகிறேன் என்றேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“பரவால்ல அண்ணி, பின்னாடியே வெச்சிடுங்க. அவரு ஒரு மாசத்துல போயிடுவாரு. அந்த அனந்தபுரத்து அக்கா இருக்காங்கல்ல, அவங்க மாட்டிவுடுவாங்க.”

பின்பக்கம் ஹூக் வைத்துத்தான் தைத்துக் கொடுத்தேன்.